சாமி படத்துக்குப் பின்னால் கார்ச் சாவி

என் அன்புக்குரியவருக்கு,

கடவுள் அருளால் வீட்டில் எல்லோரும் நலம். அது அப்படியே நீடிக்க வேண்டுமே என்றுதான் எழுதுகிறேன். போனில் சொல்ல வழியில்லை. மாமாவின் நாற்காலி போனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உங்களுடன் வேலை செய்பவர் இன்று அங்கே கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நம் பழைய காரின் பிரேக் சரியில்லை. மிதித்தால் பஞ்சில் கால் வைத்ததுபோல உள்ளே போகிறது. அடுத்தடுத்து மிதித்தால்தான் பிடிக்கிறது. மாமாவிடம் சொன்னால், "வயசான வண்டிம்மா, ஒரு தடவை சொன்னா காது கேக்காது" என்று சிரிக்கிறார்.

பிரேக் ஆயில் ஒழுகுகிறதோ என்று, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே மட்டத்தைக் குறித்து வந்தேன். இறங்கவே இல்லை. சக்கரங்களும் காய்ந்துதான் இருக்கின்றன. அப்படியானால் பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும் என்கிறது வண்டியோடு வந்த புத்தகம். மாமா மதியம் கண்ணயர்ந்தபோது டார்ச்சோடு முன்சக்கரத்தடியில் படுத்துப் பார்த்தேன். காற்றை வெளியே விடும் திருகு, படத்தில் மேலே இருக்கிறது. நம் வண்டியில் இரண்டு பக்கமும் கீழே இருக்கிறது. காற்று மேலேதானே போய் நிற்கும்? கீழே திறந்தால் ஆயில்தான் வரும். போன லீவில் நீங்கள் பிரேக்கைக் கழற்றிப் பூட்டியபோது இடது வலது மாறிவிட்டது.

மெக்கானிக் அண்ணனிடம் போய் விவரம் சொன்னேன், அவரும் அதையேதான் சொன்னார். "மாத்திப் பூட்டி காத்தை எடுத்தா அரை நாள் வேலைம்மா" என்று சொல்லி வீட்டுக்கு வந்தவரை மாமா வாசலிலேயே மறித்துவிட்டார். "என் பையன் கையால பூட்டினது. அதுல எவனும் ஸ்பேனர் வைக்க வேணாம்" என்றார். நீங்கள் போனதிலிருந்து தினமும் அந்த வண்டியைத் துடைப்பவர். அவரிடம் எப்படிச் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை நம் சின்னவளை ஓட்டப் பந்தயத்துக்கு அதில் கூட்டிப்போகப் போகிறாராம். பாலத்துச் சரிவு, இறங்கியதும் சிக்னல். எனக்கு உட்கார்ந்தால் இருப்பு கொள்ளவில்லை. பிரார்த்தனை பாதியில் நிற்கிறது. சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். எங்கே என்று கேட்டார். "சாமிக்குத்தான் தெரியும் மாமா" என்றேன். பொய்யில்லைதான், ஆனாலும் விளக்கேற்றும்போது சாமி முகத்தைப் பார்ப்பதில்லை. பெட்டியில் மாற்றுச் சாவி இருப்பது அவருக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை.

இது கிடைத்ததும் கூப்பிடுங்கள். "அப்பா, நான்தான் மாத்திப் பூட்டிட்டேன்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மெக்கானிக்கை அவரே தேடிப் போவார். சொல்லக் கூச்சமாக இருந்தால், சின்னவள் முன்சீட்டில் தாத்தா பக்கத்தில் உட்கார அடம்பிடிப்பாளே, அதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாமி உங்களுக்கு நல்ல சுகத்தையும், அந்த ஒரு வார்த்தையையும் தரட்டும்.

போன் மணிக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி