ஷேடு சேராத சிவப்பு

இன்று கட்டிங் மேஜையில் ஒரு சிவப்பு ரோலைப் பிரித்தார்கள். புதுச் சாயத்தின் வாசம் மெல்ல மிதந்து என் ஓவர்லாக் மிஷின் வரை வந்தது. கை தானாக நின்றுவிட்டது. பக்கத்து மிஷினில் நீ இருக்கிறாய் என்றே திரும்பினேன். வடக்கிலிருந்து வந்த பெண்ணொருத்தி தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

நிறம் ஒத்துப்போகாமல், ஷேடு சேரவில்லை என்று ஒதுக்கிய சிவப்புத் துணியை, மே தினத்துக்கு முன்னால் முதலாளியிடம் கேட்டு வாங்கிவருவாய். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கொடி தைப்போம். அடர்ந்த சிவப்பு உன் கட்சிக்கு, வெளிறியது என் கட்சிக்கு. நம் கொடிகள் இரண்டு ஊர்வலங்களில் தனித்தனியே போவதைப் பார்த்து நமக்குள் ஒரு கள்ளச் சிரிப்பு.

நாம் கட்சி தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை இப்போது பாதி கனவாகத்தான் இருக்கிறது. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் நீ. உன் தலைமுடியில் பனியன் பஞ்சு ஒட்டியிருந்தது, வெயிலில் அது மினுங்கியது. இரண்டு அலுவலகங்களிலும் கொள்கைப் புத்தகம் கொடுத்தார்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"ஏனுங்க தோழர், கை வேகங் கொறஞ்சு போனவளுக்கு உங்க கட்சி என்ன கூலி கேக்குமுங்க?"

ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டை உயர்த்தப் போராடுவோம், தைக்கத் தைக்க வருமானம் ஏறும் என்றார்கள் முதல் இடத்தில். வேகமோ மெதுவோ, எட்டு மணி நேரம் உட்கார்ந்தவளுக்கு ஒரே கூலி என்றார்கள் அடுத்த இடத்தில். தையல் லைனிலேயே வேகமான கை என்னுடையது. எனக்கு முதலாவது பிடித்தது, உனக்கு இரண்டாவது. மெதுவாகத் தைப்பவர்கள் கட்சி என்று உன்னை லைன் முழுக்கக் கேலி செய்தேன்.

"இருக்கட்டும் புள்ள. உனக்கும் ஒரு நாளு தோளு வலிக்கும்" என்றாய்.

முதலில் வலித்தது உனக்குத்தான். நீ முடிக்காத துணிப் பண்டல்களை என் மிஷினுக்கு மாற்றினார்கள். தைத்தேன். அதற்கான கூலியும் எனக்கே வந்தது. உன் கண்முன்னால் வாங்கிக்கொண்டேன். நோய் முற்றி நீ வேலைக்கு வராமல் போன பிறகும், போய்ச் சேர்ந்த பிறகும், அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது புள்ள. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இப்போது என் தோளும் பிடித்துக்கொள்கிறது. என் பண்டல்கள் அந்த வடக்கத்திப் பெண்ணிடம் போகின்றன. அவள் மேல் கோபமில்லை. நானும் அப்படித்தானே இருந்தேன்.

நேற்று உன் கட்சி அலுவலகத்துக்குப் போனேன். உறுப்பினர் படிவத்தில் அறிமுகப்படுத்துபவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். இறந்தவர் பெயர் செல்லாது என்றார் தோழர்.

"அவ சொல்லித்தானுங்க வந்திருக்கறேன்" என்றேன்.

அவர் உன் பெயரை அடித்துவிடாமல் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்றைய ரோலும் ஷேடு சேரவில்லையாம். சாயந்திரம் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் பையில் வைத்தேன். அடர்ந்த சிவப்பாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.