துண்டு போடாமல் தெருவுக்குப் போகும் நைட்டி

எங்கிருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற என் வசந்தி அண்ணிக்கு,

வாங்க போங்க என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது. "இன்னாடி, நான் இன்னா ஹெட்மாஸ்டரா?" என்பாய். அதனால் நேரில் பேசினபடியே நீ, வா, போ என்றே எழுதுகிறேன். நாலு பேர் இதைப் படிக்கப்போகிறார்கள். அண்ணியிடம் இப்படியா பேசுவது என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

முதலில் சேதி. நம் நைட்டி கடைக்குப் போய்விட்டது அண்ணி! பூந்தமல்லியில் ஒரு பெரிய துணிக்கடையில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மைக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். பொம்மை நம் இரண்டு பேரையும்விட ஒல்லி. இருந்தாலும் உன் டிசைன் அதற்கும் எடுப்பாகத்தான் இருக்கிறது. நான் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததில் கடை வாட்ச்மேனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "உள்ள வாம்மா, வாங்காட்டியும் பரவால்ல, சும்மா பாரு" என்றார். நான் தைத்ததுதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததையே மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீயும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்தோம். அங்கே யாரும் முழுச் சட்டை தைப்பதில்லை. நீ பாக்கெட் வைப்பாய், நான் கை ஏற்றுவேன். மீதியை வேறு வேறு ஆள் பார்ப்பார்கள். காலையில் நெமிலிச்சேரியில் ஒன்றாக ரயில் ஏறுவோம். அந்த ரயிலில்தான் ஒருநாள் நீ அந்தப் பேச்சை எடுத்தாய்.

"ஊட்ல நைட்டில கீறோம். பால் பாக்கெட் வாங்கணும், வேன்ல புள்ளைய ஏத்தணும்னா ஒடனே ஒரு துண்ட எடுத்து மேல போட்டுகினு ஓடறோம். ஒரு கை துண்டப் புடிச்சிக்கிது. ஒரு கைல போனு. சாவிய வாய்ல கவ்விக்கினு போறோம், நாய்க்குட்டி மாதிரி. தெருமுன வரிக்கும் போயிட்டு வர்றதுக்கு நமக்குன்னு ஒரு துணி இல்லடி சுமதி!" என்றாய். பெட்டியில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நெஞ்சுப் பக்கம் துணியை இரட்டையாக வைத்து மடிப்பு எடுக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஆழமாகப் பாக்கெட் வைக்க வேண்டும், துண்டே தேவைப்படாது என்று அம்பத்தூர் வரும்வரை விளக்கிக்கொண்டே வந்தாய்.

அந்தத் தீபாவளிக்குச் சீட்டுப் பணத்தை எடுத்துத் துணி வாங்கிக் குவித்தாய். மெரூன் நிறம் ஒன்றே. ஒரே அளவு. லீவு போட்டுத் தைத்துத் தள்ளினாய். முதலில் கொஞ்சம் தெருவிலேயே விற்றது. பிறகு யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. மிச்சத்தை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, நீ மறுபடி கம்பெனிக்கு வந்து பாக்கெட் வைக்க உட்கார்ந்தாய். ரயிலில் நைட்டிப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

உன் காரியத்தன்று நம் அத்தை ஒருத்தி, பந்தியில் இருந்தபடியே சொன்னாள்: "துணி யாவாரம்னு ஒரு கூத்து கட்டிச்சே, அந்தக் கவலதான் அவளக் கொண்டுகினு போயிடுச்சு." உன் புருஷன் சேகர் அண்ணன் சாம்பார் வாளியோடு பக்கத்தில்தான் நின்றார். அவருக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவர் வாயில் உன் பெயர் வரவே இல்லை அண்ணி. உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

எனக்கு அந்த "கூத்து" என்ற சொல்தான் பொறுக்கவில்லை. எத்தனை வருஷம் உழைத்தவள், எவ்வளவு யோசித்தவள், கடைசியில் வீட்டில் உனக்கு மிஞ்சியது அந்தச் சொல்தானா? நான் இதில் இறங்கியதே அதைத் துடைப்பதற்குத்தான். சம்பாதிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

உன் மெஷினைக் கேட்கப் போனேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "எட்த்துகினு போ. இந்த ஊட்ல அந்தச் சத்தம் கேக்கக் கூடாது."

என் வீட்டில் கொண்டுவந்து போட்டேன். கம்பெனி வேலையை விடவில்லை, பயப்படாதே. ஞாயிற்றுக்கிழமையில்தான் தைப்பது. எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: வேண்டும் என்று ஒருத்தி வாய் திறந்து கேட்காமல் ஒரு நைட்டிகூட விற்பனைக்குத் தைப்பதில்லை. அதற்கு முன்னால் ஆறே ஆறு, மாதிரிக்கு. கை ஏற்றுவது எனக்குத் தூக்கத்தில்கூட வரும். பாக்கெட்தான் படுத்திவிட்டது. முதலில் வைத்த பாக்கெட்டில் போனைப் போட்டேன், நேராகத் தரைக்குப் போய்விட்டது. உன்னைத் திட்டினேன். உன்னிடம் கற்றுக்கொள்ளாத என்னையும் திட்டிக்கொண்டேன்.

ஆறையும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லியே ஆளைக் கவிழ்த்துவிடுவார்கள். தெருவில் ஆறு பேருக்குக் கொடுத்து, உடுத்தி, துவைத்து, குறை சொல்லுங்கள், குறை சொல்லாதவர்களிடம் நைட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்வேன் என்றேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. எதிர்வீட்டு ராணி அக்கா நைட்டியோடு வாசலில் வந்து நின்றாள். அவளை உனக்குத் தெரியும், மாவு அரைத்து விற்பவள். "இன்னாடி சுமதி, நைட்டி குடுத்தியா, பாவாட குடுத்தியா?" என்றாள். துவைத்த நைட்டி கணுக்காலுக்கு மேலே ஏறிப் போயிருந்தது. பாக்கெட் வாய் சுருங்கி அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "வசந்தி குடுத்ததும் இதே மாதிரிதான் சுருங்கிச்சு. வாங்குன எல்லாருக்கும் அப்டிதான். பாவம், ராப்பகலா தெச்சிகினு கீதே, சொன்னா மனசு நோவுமேன்னு ஒருத்தரும் சொல்லல. நீ கேட்டியேன்னு சொல்றேன்."

அண்ணி, உனக்குப் புரிகிறதா? நம் கம்பெனியில் துணி சலவையாகி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கின பிறகுதான் வெட்டும் மேஜைக்கே வரும். அதை வேறு கட்டடத்தில் செய்வார்கள். தண்ணீரே படாத பச்சைத் துணியை நாம் கண்ணால் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷம் துணியிலேயே கிடந்தும், வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் நனைக்க வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வீட்டில் தைக்கும் எந்த டெய்லரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். நாம்தான் செய்வோம்.

ஒரே தப்பு. நான் ஆறு நைட்டியில் செய்தேன், நீ மூட்டை மூட்டையாகச் செய்தாய். அவ்வளவுதான் நமக்குள் வித்தியாசம். தெருவில் ஒருத்தி, ஒரே ஒருத்தி, உன் முகத்துக்கு நேராகக் குறை சொல்லியிருந்தால்? அந்தத் தீபாவளி எப்படி இருந்திருக்கும்?

நேரே அண்ணனிடம் போனேன். திருமழிசையில் வேலை முடித்து வந்து, கையில் கிரீஸ் கழுவிக்கொண்டிருந்தார். ராணி அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். சோப்பு நுரை கையிலேயே காய்ந்தது.

"அப்போ டிசைன்ல தப்பில்லையா?"

"ஒண்ணியும் இல்லண்ணா. துணிய நனைக்காம வெட்டிட்டோம். அத்தோட மொத்தமா தெச்சிட்டோம்."

"நெசமாவா சொல்ற?"

"ராணி அக்காவ வேணா கேளு."

கண் கலங்கியதை நான் பார்க்கக் கூடாது என்று முகத்தையும் கழுவிக்கொண்டார். பிறகு, "ஏணியப் புடி" என்றார்.

பரணிலிருந்து உன் மூட்டைகளை இறக்கினோம். நைட்டிகளை மொட்டை மாடியில் டிரம்மில் போட்டு ஊறவைத்து, அலசி, கயிறு கட்டி உலர்த்தினோம். மாடி பூராவும் உன் மெரூன். சுருங்கியதில் நீளம் குறைந்தது, சுற்றளவும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. மாதிரிக்குச் சிலதில் மட்டும், குறைந்த நீளத்துக்குக் கீழே பூப்போட்ட துணியில் அகலமாகப் பட்டி வைத்தேன். பக்கத் தையலைப் பிரித்து அதே பூத்துணியைக் கொடுத்தேன். பாக்கெட்டுகளைப் பிரிக்க மனசு வரவில்லை, வாயை மட்டும் இழுத்து இஸ்திரி போட்டேன். உன் தையல் ஒன்றுகூட விடவில்லை.

நைட்டிக்குத் துணி வாங்காமலே நைட்டி வியாபாரம் ஆரம்பித்தவர்கள் நாமாகத்தான் இருப்போம். போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இந்த அளவு, இந்தப் பூப்பட்டி வேண்டும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பட்டி வெட்டினேன். அந்தப் பட்டிதான் இப்போது எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, தெரியுமா? வேப்பம்பட்டிலிருந்து ஆள் வருகிறது. ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு திருநெல்வேலிக்காரம்மா போன் பண்ணி, "யக்கா, இதப் போட்டுக்கிட்டு ரேஷன் கடைக்கே போயிட்டு வந்துட்டேன்லா, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல!" என்றார். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் யார் தருவார்?

பெயர் வேண்டுமே. "தெருமுனை" என்று வைத்துவிட்டேன். உன் வாயிலிருந்து வந்ததுதான். லேபிள் நெய்பவர்கள் ஆயிரம் லேபிளுக்குக் குறைந்து தர மாட்டோம் என்றார்கள். வெள்ளை நாடாவில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, மை போகிறதா என்று துவைத்துத் துவைத்துப் பார்த்துவிட்டு அதையே வைத்தேன். உன் மூட்டை தீர்ந்த பிறகுதான் வண்ணாரப்பேட்டை போய் ஒரு ரோல் துணி வாங்கினேன். வந்ததும் வராததுமாகத் தண்ணீரில் முக்கிவிட்டேன்.

பூந்தமல்லிக் கடைக்கு மாதிரி காட்டப் போனபோது அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். கடை முதலாளி நைட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாக்கெட்டுக்குள் கை விட்டார், முழங்கை வரை போனதும் சிரித்தார். "தீபாவளிக்கு ஐந்நூறு பீஸ் குடுத்துடும்மா. எங்க கடை லேபிள் போட்டுக்கலாம்" என்றார்.

ஐந்நூறு என்றதும் எனக்கு ஒரு கணம் ஆசை தலைக்கு ஏறிவிட்டது அண்ணி, பொய் சொல்ல மாட்டேன். சரி என்று சொல்லியிருப்பேன். அதற்குள் பின்னால் நின்ற அண்ணன் முன்னால் வந்தார்.

"முப்பது முப்பதாதான் சார் தருவோம். அது வித்து, துவைச்சு, நல்லாகீதுன்னு சொன்னப்புறம் அடுத்த முப்பது. லேபிளும் எங்களுதுதான்."

"ஏம்பா, தொழில் பண்ற எண்ணமே இல்லையா?"

"கீது சார். என் சம்சாரம் மொத்தமா தெச்சிட்டுதான் மாட்டிக்கிச்சு. ஆனா டிசைன்ல ஒரு கொறையும் இல்ல. நானே இத்தினி வருசமா தப்பா நெனச்சிகினு இருந்தேன். நீங்களே கைய உட்டுப் பாத்தீங்களே."

"ஓ, அவங்க டிசைனா? பேர் இன்னா?"

"தெருமுனை சார்" என்றேன் நான்.

"பிராண்டு இல்லம்மா. அவங்க பேரு."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார். "வசந்தி." கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். முதலாளிக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தவர் மாதிரி இன்னொரு தடவையும் சொன்னார்.

முப்பது கொடுத்துவிட்டு வந்தோம். போன வாரம் அடுத்த முப்பது கேட்டார்கள்.

அண்ணி, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எவ்வளவு பெரிய ஆர்டர் வந்தாலும் குறை கேட்காமல் அடுத்த துணியை வெட்ட மாட்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்டது போல என்னிடம் யாரையும் சொல்லாமல் இருக்க விட மாட்டேன். யார் டிசைன் என்று யார் கேட்டாலும் உன் பெயரைச் சொல்வேன். இப்போதெல்லாம் நான் சொல்வதற்குள் உன் புருஷன் சொல்லிவிடுகிறார், அது வேறு விஷயம்.

உன் புருஷனுக்குத் தங்கை, உனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமான,
சுமதி
நெமிலிச்சேரி