அது மருந்து செய்த கறுப்பு

என் கண்ணே ஜானகி,

நீ போய் எட்டு மாதமாகிறது. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நம் கோட்டைத் தெருவில் எல்லோரும் படிக்கட்டும்.

உனக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். டாக்டர் கொடுத்தது ஆர்சனிக் சொட்டு மருந்து. "தொலி கறுக்கும், கேட்டேளா? உள்ளங்கை தடிக்கும். மருந்தோட வேலையாக்கும், பேடிக்கண்டாம், பயப்படாதேங்கோ" என்று தம் மலையாளத் தமிழில் முதலிலேயே சொல்லிவிட்டார். அப்படியே ஆயிற்று. கழுத்து, வயிறு, முதுகு எல்லாம் கரி நிறம். நடுநடுவே மழைத்துளி தெறித்ததுபோல் வெளுத்த புள்ளிகள். உள்ளங்கையில் சோளமணிபோலக் கெட்டி முடிச்சுகள். காரணம் தெரிந்திருந்தும் தினமும் பயத்தமாவு போட்டு உன்னைத் தேய்த்தேனே, எதற்கு? எரிகிறது என்றாய். நிறுத்தினேனா?

உன் அகத்துக்காரருக்குப் பம்பாயில் உத்தியோகம். இங்கே தீர்மானமெல்லாம் என்னுடையதுதான். நோயின் பெயர் வெளியே தெரிந்தால் உன் பெண் சீதாவுக்கு வரன் வராது என்று வாயை மூடிக்கொண்டேன். தெரு தானாக ஒரு பெயர் வைத்தது: குஷ்டம்.

நவராத்திரிக்கு அழைக்க எதிர்வீட்டுக் கமலம் வந்தாள். குங்குமச் சிமிழை நீட்டியவள், உன் கையைப் பார்த்ததும் பின்வாங்கினாள். தரையில் ஒரு வெற்றிலையை வைத்து, அதில் குங்குமத்தைக் கொட்டி, "எடுத்துக்கோடி" என்றாள். நான் நடையில் நின்றிருந்தேன். ஒரு வாக்கியம் போதும், சொல்லவில்லை. அவள் போனபின் உன்னிடம்தான் சொன்னேன்: "இனிமே யாராவது வந்தா நீ உள்ளேயே இரு."

நீ சிரித்தாய். "நீ படிச்ச கான்வென்ட் சிஸ்டர் குஷ்டரோகிகளுக்குக் கட்டுப் போட்ட கதையை நூறு தடவை சொல்லியிருப்பே. அது கேக்கறதுக்கு மட்டுந்தானா அம்மா?"

மறுநாள் முதல் மருந்தைச் சாக்கடையில் ஊற்றினாய். பார்த்தேன், தடுக்கவில்லை. ஒரு மாதத்தில் உன் உள்ளங்கை சற்று மிருதுவானது. அந்த அற்பத்துக்காகச் சந்தோஷப்பட்டேன், ஜானகி. அதற்குள், மருந்தில் வற்றியிருந்த மண்ணீரல் மறுபடி கல்லாக வீங்கிவிட்டது.

"மருந்தை நிறுத்தாம இருந்தா இன்னும் கொறச்சு நாள் கிட்டியிருக்கும்" என்றார் டாக்டர், நீ போனபின். எத்தனை நாள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

சென்ற வாரம் கமலத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். "மாமி, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லப்படாதா? அவ கையைப் பிடிச்சிண்டிருப்பேனே!"

பிடித்திருப்பாளா? தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்தவள் நான்.

வெள்ளிக்கிழமை நாகர்கோவிலிலிருந்து சீதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். "அம்மாவுக்கு என்ன வியாதின்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்கிறாள். அவள் எதுவும் சொல்ல வேண்டாம். அவர்கள் உட்கார்ந்ததும் நானே சொல்வேன்: நோயின் பெயர், மருந்தின் பெயர், நான் பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாம். எழுந்து போகிறவர்கள் போகட்டும். இது உனக்கு என் வாக்கு.

பெற்றும் உன் பக்கம் நிற்காத,
உன் அம்மா