சரிபார்த்தவர்: மேகலா

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். காற்று வேறு. துணி எதுவும் காயவில்லை. ஈரச் சுடிதாரோடு ஆபீஸ்.

செய்ய வேண்டியவை: கேஸ் புக் பண்ண. ஹெல்மெட் பட்டை. எங்கள் கோட் லைப்ரரிக்கு லோ வோல்டேஜ் விளக்கப் பக்கத்தைத் தமிழில் முடிக்க.

கடைசி வேலை மட்டும் நடந்தது, மதியச் சாப்பாட்டு நேரத்தில். வோல்டேஜ் இறங்கினால் போர்வெல் மோட்டார் ஏன் உறுமுகிறது, எங்கள் கோட் அதைக் கண்டுபிடித்து எப்படி நிறுத்துகிறது என்று, ஸ்டார்ட்டர் மாட்டுகிறவருக்குப் புரிகிற மாதிரி. லைப்ரரி இருக்கும் தளத்தில் ஏற்றப் போனால் உள்ளே விடவில்லை. ‘உங்களுக்கு அனுமதி இல்லை.’

பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன். அதே பதில். நானும் பிரவீனும் காலேஜ் கடைசி வருஷத்தில் ஆரம்பித்த லைப்ரரி, மோட்டார் ஸ்டார்ட்டருக்கான கம்ப்யூட்டர் கோட் தொகுப்பு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மட்டும் அனுமதி இல்லையாம். பிரவீனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. பிஸியாக இருப்பான்.

ஜூன் 4, புதன்

பிஸியெல்லாம் இல்லை.

பக்கத்தைத் திறந்து முழுசாகப் பார்த்தேன். லைப்ரரி, அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் கணக்குக்கு மாறிவிட்டது. போனவை: எழுதியவர்கள் வரிசையில் என் பெயர். தமிழ் விளக்கப் பக்கங்கள் மொத்தமும். எங்கள் உரிமத் தாள். எடுத்துக்கொள், மாற்று, விற்கக்கூடச் செய், எங்கள் இருவர் பெயரை மட்டும் நீக்காதே என்று இருந்தது அதில். வந்தவை: கம்பெனி லோகோ. ‘விலைக்குத் தொடர்புகொள்ளவும்.’ புது வெர்ஷன் தொடர்ந்து ஓட கம்பெனி தரும் சாவி எண் வேண்டும்.

சாயங்காலம் போனை எடுத்தான்.

“என்ன அம்மணி, இத்தன மிஸ்டு கால்? பொண்ணு பாக்க வந்துட்டாங்களா?”

“லைப்ரரிய யாரக் கேட்டுக் குடுத்த?”

“உன்னயக் கேட்டுத்தான். நீதான அப்ரூவ் பண்ணுன? போய்ப் பாரு.”

சிரித்தான்.

ஜூன் 5, வியாழன்

பார்த்தேன். டாக்குமென்ட் மாற்றத்தின் பதிவில் இருக்கிறது. ‘சரிபார்த்தவர்: மேகலா.’ எழுதியவர்களில் இல்லாத பெயர் அங்கே மட்டும் பத்திரமாக.

எங்கள் இருவருக்கும் ஒரே விதி. தன் மாற்றத்தைத் தானே சேர்க்கக் கூடாது. மற்றவர் படித்து ஓகே போட வேண்டும். விதியைக் கொண்டுவந்ததே நான்தான்.

அந்த ஓகேயைப் போட்ட அன்றைக்கு நான் பெருந்துறையில், ஆபீஸ் வேலையாக ஒரு மில்லுக்குள். மெஷின் இரைச்சல். போனில் கத்தினான்: “டாக்குமென்ட்டு கொஞ்சம் சுத்தம் பண்ணிருக்கறேன். கோட்டத் தொடவே இல்ல. போன்லயே ஓகே போட்டுரு கண்ணு, அவசரம்.” கோட் என்றால் வரிவரியாகப் பார்த்திருப்பேன். டாக்குமென்ட்தானே. போட்டேன். உரிமத் தாளை மாற்றியது அதன் அடியில் கிடந்தது. சாவி கேட்கிற கோட் அதற்குப் பிறகு, என்னை வெளியே தள்ளிவிட்டுச் சேர்த்தது. அதற்கு என் ஓகே தேவைப்படவில்லை.

டாக்குமென்ட்டை எவனும் படிப்பதில்லை என்று எல்லோரையும் திட்டுகிறவள் நான்.

விற்றதில்கூடக் கோபம் இல்லை. விற்கலாம் என்று நாங்களே எழுதியதுதான். என் கையை வைத்தே என்னை அழித்தான், அதில்தான்.

பிரவீனின் தோட்டத்து வீட்டில்தான் முதல் வெர்ஷன் எழுதினோம். எல்லோருக்கும் சில்வர் டம்ளரில் காபி, எனக்குப் பேப்பர் கப். அப்போது புரியவில்லை என்று எழுதினால் பொய். புரிந்தது. கோட் நன்றாக வருகிறதே என்று குடித்தேன். அப்புறம் மேடையேறி ‘ஓப்பன் சோர்ஸில் சாதி இல்லை’ என்று பேசினான். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

அம்மா, நான் லேப்டாப்பில் தட்டுவதைப் பார்த்து: “அந்தப் பொட்டிய இந்தக் குத்து குத்தறயே, ஒடஞ்சுபோயிரப் போகுது. அது பாவம் என்ன பண்ணுச்சு?”

ஜூன் 7, சனி

லீவு. நல்ல வெயில். துணி காய்ந்தது.

வெள்ளகோவிலிலிருந்து செல்வராஜ் அண்ணன் போன். எலக்ட்ரீஷியன். எங்கள் லைப்ரரியை வைத்து ஸ்டார்ட்டர் பெட்டி செய்து, சுற்றியுள்ள காடுதோட்டங்களில் மாட்டிக் கொடுப்பவர். முகம் பார்த்ததில்லை. தமிழ்ப் பக்கத்தில் தப்பு இருந்தால் கூப்பிட்டுச் சொல்வார்.

“ஏனுங்க அம்மணி, புதுசு போட்ட பெட்டியெல்லாம் நின்னுபோச்சுங்க. சாவி நெம்பர் கேக்குது. தக்காளி வாடுதுன்னு காட்டுக்காரரு என்னயப் போட்டுக் காச்சறாருங்க.”

“ஏனுங்ணா, பாக்காமயா புதுசு போட்டீங்க?”

“பாத்தனுங்களே. சரிபார்த்தவர்னு உங்க பேரு இருந்துச்சுங்க. அப்பறம் நான் என்னத்தங்க பாக்கறது?”

வழி பார்க்கிறேன், இனிமேல் யார் பெயர் இருந்தாலும் படித்துவிட்டுப் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மதியம் பிரவீனைப் பேக்கரிக்கு வரச் சொன்னேன். வந்தான். பப்ஸ் தின்றான்.

“கம்பெனில டாக்குமென்ட்டு எழுத ஆளு கேக்கறாங்க. உன் பேரச் சொல்லி வெச்சிருக்கறேன்.”

“நீ அழிச்சயே, அந்தத் தமிழ்ப் பக்கத்தயா எழுதோணும்?”

“தமிழெல்லாம் வேண்டாம். எலக்ட்ரீஷியனா நமக்குக் காசு குடுக்கப் போறான்?”

“செல்வராஜண்ணன் பெட்டி நின்னு கெடக்குது.”

“பழைய வெர்ஷன எடுத்துப் போடச் சொல்லு. உன்னய யாரு தடுத்தா?”

அது மட்டும் உண்மை. பழைய வெர்ஷன் பழைய உரிமத்தில் வெளியே போனது. அதை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. எழுந்து வந்தேன். ஹெல்மெட்டை மறந்து மறுபடி அவன் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. “கோவிச்சுக்காத கண்ணு” என்றான். எரிச்சல்.

ஜூன் 8, ஞாயிறு

பழைய வெர்ஷனை வேறு பெயரில் ஏற்றியாயிற்று. தமிழ்ப் பக்கங்களின் நகல் என் லேப்டாப்பில் இருந்தது. லோ வோல்டேஜ் பக்கமும் சேர்ந்தது.

உரிமத் தாள். மேலே இரண்டு பெயர். பிரவீன் முதலில், நான் அடுத்து. அவன் பெயரை அழித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பப் போட்டேன். பாதிக் கோட் அவன் எழுதியது. அவன் பெயரை எடுத்தால் நானும் அந்தக் கம்பெனியும் ஒன்று. இருக்கட்டும் என்று விட்டேன்.

செல்வராஜ் அண்ணனுக்கு லிங்க் அனுப்பினேன். மதியம் அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். பின்னால் யாரோ சத்தம் போடுகிறார். காட்டுக்காரராக இருக்கும்.

“வந்துருச்சுங்க அம்மணி. இந்தவாட்டி நீங்க சொன்னாப்ல எல்லாத்தையும் படிச்சுப்போட்டனுங்க. மொதப் பேரு அந்தத் தம்பியோடதுங்க. ரெண்டாவது உங்களுது. இதுல யார நம்பிங்க நான் மோட்டாரப் போடறது?”

அந்த மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பதில் டைப் செய்வதும் அழிப்பதுமாக இருக்கிறேன். அங்கே மோட்டார் இன்னும் ஓடவில்லை.