மூன்றாம் நாள் நிறுத்திய மருந்து

ஜூன் 4

அன்புள்ள எட்டாம் கட்டில் அக்காவுக்கு,

ஏழாம் கட்டில் அம்மா எழுதுகிறேன். பாப்பாவை ஆபரேஷனுக்கு அழைத்துப்போன காலையில்தான் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சொல்லிக்கொள்ளாமல் வந்தது மனசை அறுக்கிறது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

எங்கள் வாண்டுவுக்கு ஊசி மருந்துக்குப் பிறகு கொடுத்த சிரப் நேற்றோடு முடிந்தது. வீக்கம் வடிந்து கண் பழையபடி ஆகிவிட்டது. பாப்பா எப்படி இருக்கிறாள்? இரண்டு வரி போதும்.

உங்கள் தங்கை மாதிரி ஒருத்தி

ஜூன் 15

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை லாண்டரியில் இஸ்திரி மேஜைமேல் வைத்துப் படித்தேன். கண்ணுக்குப் பின்னால் கட்டியிருந்த சீழை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் நரம்பு நசுங்கிவிட்டதாம், இடது கண்ணில் இனி பார்வை வராதாம். தோளை இடித்துக்கொண்டு, "கதவு ஏம்மா குறுக்க வருது?" என்கிறாள்.

யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். முதலில் இமை வீங்கியபோது கிளினிக் டாக்டர் பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் சிரப் எழுதித் தந்தார். மூன்றாம் நாளே கண் நன்றாகத் திறந்துவிட்டது. அவளும் துப்பித் துப்பி வைத்தாள். நிறுத்திவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "பத்து நாளும் குடுத்தேங்க" என்று சொல்லிவிட்டேன். இவர் தினமும் அந்தக் கிளினிக் டாக்டரைத் திட்டித் தீர்க்கிறார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

ஜூன் 21

அக்கா,

நானும்தான். முதலில் தந்த சிரப்பை நாலாம் நாள் நிறுத்தினேன். டாக்டரிடம் பொய்யும் சொன்னேன். காய்ச்சல் திரும்பி வந்த அன்று எங்கள் பைண்டிங் கடைக்கு லீவு. "கண்ணத் திருப்பினா வலிக்குதும்மா" என்று வாண்டு கத்தினான், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். பாப்பாவுக்குத் திரும்பி வந்த அன்று உங்களுக்கு லீவு இல்லை. நமக்குள் அவ்வளவுதான் வித்தியாசம்.

தனியாகக் குமையாதீர்கள். அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். நானும் டாக்டரிடம் சொல்லப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாண்டுவைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா?

தங்கை

ஜூலை 2

அன்புத் தங்கச்சிக்கு,

இவரிடம் சொல்லிவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போய், அந்த டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதிலிருந்து பாப்பாவைப் பற்றி மட்டும் பேசுகிறார். நல்ல கண்ணில் அடிபடாமலிருக்க உடையாத கண்ணாடி போட்டிருக்கிறோம். அதைப் போட்டுக்கொண்டு தன்னை டீச்சர் என்கிறாள்.

நீ ஆறுதலுக்குத்தான் எழுதினாய், தெரியும். ஆனால் அந்த ஒரு நாள் லீவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று நானும் வீட்டில் இருந்திருந்தால், இருந்திருந்தால் என்று துணியை மடிக்க மறந்து நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வராதே. வாண்டு சிரிப்பான், நான் அவனுடைய இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்ப்பேன். குழந்தையை அப்படிப் பார்க்கக்கூடாது.

கொஞ்ச நாள் கடிதமும் வேண்டாம். உன்மேல் கோபமில்லை. ஆனால் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்குப் போகாமல் இருப்பேனா என்று மட்டும் கேட்காதே.

அக்கா