சேவல் பக்கம், ஆந்தை பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

பத்தரைக்கு எழுந்தேன். படுக்கையறைத் திரையில் துணிக் கிளிப்கள் நான் மாட்டியபடியே இருந்தன. கழற்ற ஆள் இல்லை.

இந்தக் கிளிப் கதையை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். எனக்கு ரயில் நிலையத்தில் மாலை ஷிஃப்ட். எந்த வண்டி எத்தனையாவது நடைமேடை என்று ஒலிபெருக்கியில் சொல்கிற குரல் நான்தான். வேலை முடிந்து வந்து படுத்தால் பத்து மணி வரையாவது தூங்க வேண்டும். என் வீட்டுக்காரர் நீச்சல் பயிற்சியாளர். விடியும்போதே எழுந்துவிடுவார். ஜன்னலில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி. என்னை ஆந்தை என்பார். நான் அவரைச் சேவல் என்பேன்.

எங்கள் படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க ஜன்னல்தான். அதுவும் கிழக்குப் பார்த்து. நான் படுக்கும்போது திரையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து வரிசையாகக் கிளிப் போடுவேன். அவர் எழுந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றித் திரையைச் சர்ரென்று ஒதுக்குவார். வெயில் நேராக என் மூஞ்சியில். கல்யாணமான நாளிலிருந்து இதே சண்டைதான். வேறு பெரிய சண்டை எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

போன வாரம் பெட்டியோடு வாசலில் நின்று, "ஒரு நாளாவது வெளிச்சத்துல நிம்மதியா கண்ணு முழிக்கணும்மா. இந்த இருட்டுல மூச்சு முட்டுது," என்றார். கொஞ்ச நாள் ஃப்ரெண்ட் வீட்டில் இருக்கப்போகிறாராம்.

சரி. வெளிச்சம்தானே? ஜன்னலை ஒரு வழி பண்ணிவிட்டால் வந்துவிடுவார்.

மார்ச் 6, வியாழன்

அக்கா போனில் கத்தினாள். "வீட்டை விட்டுப் போன மனுஷனுக்காக ஜன்னலுக்குத் துணி எடுக்கப் போறியா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"துணி இல்லக்கா, பிளைண்ட்ஸ்," என்றேன்.

வைத்துவிட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

பிளைண்ட்ஸ் கடையில் பாதி நாள் போய்விட்டது. இவ்வளவு வகை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? குறுக்குப் பட்டை வைத்தது ஒன்று. அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு பட்டையையும் துடைக்க என்னால் ஆகாது. நெட்டுப் பட்டை வைத்ததைப் பார்த்தால் ஆபீஸ் ஞாபகம் வந்தது. மூங்கில் திரையில் இடுக்குக்கு இடுக்கு வெளிச்சம் ஒழுகுகிறது. கடைசியில் மேலே குழலில் சுருட்டிக்கொள்கிற ரோலர் வகையில் வந்து நின்றேன். இறக்கினால் கும்மிருட்டு, ஏற்றினால் முழு ஜன்னலும் திறந்துவிடும்.

"வீட்டுக்காரர் வரலையா?" என்று கடைக்காரம்மா கேட்டாள். வெளியூர் என்று சொல்லிவிட்டேன். வாய் கூசாமல் வந்தது.

ஜன்னல் அளவைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள். "இவ்ளோ அகலத்துக்கு ஒரே பீஸா போட்டா நாளாவட்டத்துல குழல் நடுவுல தொய்யும் மேடம். ரெண்டா பிரிச்சுப் போட்டுருங்க. உங்க பக்கம் உங்க கையில, சார் பக்கம் சார் கையில. நெறைய வீட்ல இதோட சண்டையே நின்னுருக்கு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு சுலபமா? இத்தனை வருஷம் கிளிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோமே, ஒருத்தருக்கும் தோன்றவில்லையே!

ஒன்று மட்டும் எச்சரித்தாள். இரண்டுக்கும் நடுவில் விரல் அகலத்துக்குச் சந்து இருக்குமாம். "ஒரு கோடு வெளிச்சம் வரத்தான் செய்யும். பரவாயில்ல, உங்க மேலயும் படாது, சார் மேலயும் படாது. ரெண்டு பேருக்கும் நடுவுலதான் விழும்."

மார்ச் 11, செவ்வாய்

சாம்பலா, சந்தனமா? கடையில் கொடுத்த துண்டுத் துணிகளைப் பழைய திரைமேல் கிளிப் போட்டு மாட்டிப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். சாயங்காலம்தான் பதில் வந்தது. "உனக்குப் பிடிச்சதை எடு."

இதற்கு என்ன அர்த்தம்? அக்கறையா, கைகழுவுவதா? வேலைக்குப் போகும் வழியெல்லாம் அதையே திருப்பித் திருப்பிப் படித்தேன். அவருக்குச் சந்தனம்தான் பிடிக்கும். கடையில் அதையே சொல்லிவிட்டேன்.

மார்ச் 15, சனி

இன்று மைக்கில், "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்து, "தொண்டை சரியில்லையா? வெந்நீர் குடிங்க," என்றார். யார் யாருடைய தாமதத்துக்கோ தினமும் வருந்துகிறேன். வீட்டில் ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேனா?

மார்ச் 22, சனி

மாட்டியாகிவிட்டது. துளைபோட வந்தவர் ஏணிமேல் நின்றபடி, "சங்கிலி எந்தப் பக்கம் வரணும்?" என்றார். படுத்துக்கொண்டே கைக்கு எட்ட வேண்டும் என்று கட்டிலைக் காட்டினேன். வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் அவருக்கு. கிளிப்களை எல்லாம் துணிக்கூடையில் போட்டேன். அவை அங்கேதான் இருக்க வேண்டியவை.

அவருக்கு எழுதினேன்: "ஜன்னல் மாத்தியாச்சு. வந்து பாருங்க."

"அடுத்த ஞாயிறு காலைல வர்றேன். கொஞ்சம் சாமானும் எடுக்கணும்."

முதல் வரியை மட்டும் படித்துக்கொள்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஆந்தை இன்று சேவலுக்கு முன்னால் எழுந்தது. குளித்து, காபி போட்டுவைத்துக் காத்திருந்தேன்.

வந்ததும் நேராக ஜன்னலுக்குத்தான் கூட்டிப்போனேன். அவர் பக்கத்துச் சங்கிலியை இழுத்தார். பிளைண்ட் அது பாட்டுக்கு ஏறியது. "அட, சத்தமே இல்லையே!" என்றார். காபியை நீட்டினேன். வழக்கமான இடத்தில் நின்று குடித்தார்.

உடனே நான் என்ன செய்தேன்? எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஓடிப்போய்க் கட்டிலில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "பாருங்க, என்மேல ஒரு பொட்டு வெயில் படல. நீங்க எப்ப வேணும்னாலும் தொறக்கலாம். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்," என்றேன். கடைப் பொம்மை மாதிரி கண்ணை வேறு மூடிக் காட்டினேன்.

திறந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஜன்னல் இல்லம்மா," என்றார். "நான் சொன்னது ஜன்னலை இல்ல."

"தெரியும்," என்றேன். தெரியுமா எனக்கு? தெரிந்துதான் இத்தனையும் செய்தேனா?

குளிர்காலத் துணி, விசில், பழைய ரேடியோ எல்லாம் பெட்டிக்குள் போயின. செருப்பு மாட்டும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தக் கடை நம்பர் இருந்தா அனுப்பு. ஃப்ரெண்ட் வீட்லயும் ஜன்னல் பெருசு."

அனுப்பினேன். அவர் பக்கத்து பிளைண்டை அவர் ஏற்றியபடியே விட்டிருக்கிறேன். வெயில் வந்தால் வரட்டும்.

ஏப்ரல் 9, புதன்

கடைக்காரம்மா கூப்பிட்டாள். "சார் போன் எடுக்கல மேடம், அதான் உங்களுக்குப் போட்டேன். இன்னொரு வீட்டுது ரெடியாயிடுச்சு, எப்ப வந்து மாட்டட்டும்?"

அதுவும் இரண்டாகப் பிரித்ததுதானா என்று கேட்டேன். ஏன் கேட்டேன்?

"இல்ல மேடம். நானும் உங்களுக்குச் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்த்தேன். தடிக் குழல் போட்டு ஒரே பீஸாத் தாங்கன்னுட்டாங்க. ரெண்டு பேருமே விடிஞ்சதும் நீச்சலுக்குப் போறவங்களாமே! பிரிச்சா யாருக்கு எந்தப் பக்கம்னு அந்தப் பொண்ணுதான் ஒரே சிரிப்பு. உங்க தங்கச்சியா மேடம்?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஃப்ரெண்டாம் ஃப்ரெண்டு. காலைல குளத்துல பூத்த ஃப்ரெண்டு. நான் இங்க தூங்கிட்டிருந்தேன் — இருட்டுக்குக் கிளிப் போட்டுத் தூங்கிட்டிருந்தேன். அவன் கேட்டான், நான் குடுத்தேன். என் கையாலயே நம்பர் அனுப்பினேனே. சந்தனக் கலரா எடுத்திருப்பான்? எடுத்திருப்பான். படுபாவி.

ஏப்ரல் 10, வியாழன்

அக்கா வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. தலை பின்னிவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று விடுமுறை. அக்காவும் நானும் சேர்ந்து கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்தோம். இடது பக்கத்துச் சங்கிலியை நானே இழுத்து பிளைண்டை இறக்கினேன். கும்மிருட்டு. கட்டிலின் நடுவில் கை காலை நீட்டிப் படுத்தேன். இனி பத்து மணி என்ன, பன்னிரண்டு வரைகூடத் தூங்கலாம்.

விடிந்ததும் அந்த ஒரு கோடு வெளிச்சம் சரியாக என் கண்மேல் விழுந்தது. தூக்கக் கலக்கத்தில், "சேவலே, மூடித் தொலைங்களேன்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் நானே நகர்ந்து படுத்துக்கொண்டேன்.