கல்லுக்கு ஏது தலையெழுத்து

கல்மண்டபத்துப் பெயிண்ட் கடை வாசலில் இன்று நின்றுவிட்டேன். உள்ளே ஒருவன் படகுக்கு அடிக்கிற ஆரஞ்சு பெயிண்ட் டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லையடி, எரிச்சல்தான் வந்தது. எத்தனை டப்பா வாங்கியிருப்போம் அங்கே. எந்தப் படகுக்கு என்று கடைக்காரர் கேட்பார். "படகுக்கு இல்லண்ணே, பாறைக்கு" என்பாய். அவர் நம் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மூடியை அழுத்தி மூடிக் கொடுப்பார்.

மலையே இல்லாத ஊரில் பிறந்துவிட்டு, மலையிலிருந்து விழுகிற கல்லைப் படிக்கப் போனவள் நீ. போனதோடு விட்டாயா, வியாசர்பாடியில் சிவனே என்று இருந்த என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். எல்லாம் உங்கள் திருவொற்றியூர் குப்பத்தில் ஆரம்பித்தது. கடல் அரிக்கிறது என்று லாரி லாரியாகக் கருங்கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டின மேட்டிலிருந்து ஒரு தட்டைக் கல் எழுந்து நின்று, சக்கரமாக உருண்டு, பக்கவாட்டில் திரும்பி, எங்கேயோ ஓரமாகக் கிடந்த உன் மாமாவின் ஃபைபர் படகை உடைத்துவிட்டது. "நாங்க இன்னா பண்றது, அது உங்க நேரம்" என்றான் கொட்டினவன். குப்பமே தலையாட்டியது. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நீ மட்டும் மணலில் அது வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாய்.

"உருண்டையா கீற கல்லு அல்லாம் நேரா வந்து நின்னுச்சு. தட்டையா கீறது மட்டும் ஏன்மே இந்தப் பக்கம் ஓடுச்சு?" என்று என்னிடம் கேட்டாய். எனக்கு என்ன தெரியும்.

பிறகு அதுவே நம் பிழைப்பாகிவிட்டது. கற்களுக்குப் பெயிண்ட் அடித்து, கடப்பாரையால் நெம்பிச் சரிவில் உருட்டிவிட்டு, எங்கே குதிக்கிறது, எந்த மரத்தில் மோதுகிறது, எங்கே போய் நிற்கிறது என்று படம் பிடிப்போம். எந்த இடத்தில் வீடு கட்டக் கூடாது, எங்கே கல்லைத் தடுக்க வலை கட்ட வேண்டும் என்று அதை வைத்துச் சொல்வோம். மலையடிவாரத்துக்காரர்கள் தலையெழுத்து என்று ஆரம்பித்தாலே உனக்குச் சுள்ளென்று ஏறும். "கல்லுக்கு ஏது தலையெழுத்து? சரிவு, எடை, வடிவம். அவ்ளோதான்" என்பாய்.

அப்படிப் பேசியவளைப் பற்றி உன் சாவு வீட்டில் என்ன பேசினார்கள் தெரியுமா? கல்லைப் படித்தவளுக்குக் கல்லாலேயே சாவு, விதியைப் பார் என்றார்கள். மாலையோடு வந்த உன் மேலதிகாரியும் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "விதிம்மா, யாராலும் தடுத்திருக்க முடியாது" என்றார். பிணத்தை வைத்துக்கொண்டு கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

விதியாம். அன்றைக்கு மழை விட்ட கையோடு, மலைப்பாதையை எப்போது திறக்கலாம் என்று பார்க்க நம்மை அனுப்பியது விதியா? வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, மேலேயிருந்து நெருக்குகிறார்கள் என்று போனில் பறந்தது மாலையோடு வந்த அந்த மனுஷன்தானே? ஜீப்பில் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசினாய், பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். "தண்ணி வடியட்டும் சார். இப்ப யாரும் அங்க நிக்கக் கூடாது" என்று தெளிவாகச் சொன்னாய். "அப்ப ஓரமா நின்னு ஒரு பார்வை பார்த்துட்டுச் சொல்லுங்க மேடம். இல்லன்னா ரோடு வேலை ஆளுங்க யாரையாவது ஏறிப் பார்க்கச் சொல்றேன்" என்றார். தட்டைக் கல்லுக்கு ஓரம் கிடையாது என்று எத்தனை தடவை எழுதிக் கொடுத்திருப்பாய். படித்திருந்தால்தானே.

உன் மேலும்தான் எனக்குக் கோபம். ஏன் இறங்கினாய்? முடியாது போய்யா என்று உட்கார்ந்திருக்கலாம். மண்வெட்டியோடு நிற்கிற அந்த ஆட்களில் ஒருத்தரை அனுப்பிவிடுவார் என்றுதான் இறங்கினாய், அது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் ஆறவில்லை. என்னைக் கீழ் வளைவில் வண்டிகளை மறிக்கச் சொல்லிவிட்டு நீ மேலே நடந்தாய். கல் நேராக வரவில்லை, பக்கவாட்டில்தான் வந்தது.

நாளைக்கு விசாரணை. நேற்று அந்த ஆள் போன் செய்தார். போனில் பேசியதே தனக்குச் சரியாக நினைவில்லையாம். எதிர்பாராத விபத்து என்று நானும் சொல்லிவிட்டால் நல்லதாம். "அவங்க அம்மா இப்பதான் மனசு தேறிட்டு வர்றாங்க, கிளறாதீங்க" என்றார். சொன்னால் நம்ப மாட்டாய், அந்த ஒரு வார்த்தையில் ஆடிப்போய்விட்டேன். உன் அம்மா எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளோ, அதைப் பிடுங்க நான் யார் என்று தோன்றியது.

பெயிண்ட் கடையிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். உன் அம்மா காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள்.

"இன்னாமே, நாளிக்கு இன்னா சொல்லப் போற? அத்து அவ தலையெழுத்துதானா?"

இல்லையம்மா என்றேன். போனில் அவர் பேசியது, நீ பேசியது, ஒன்று விடாமல் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அல்லாரும் தலையெழுத்து, தலையெழுத்துன்னு சொல்லிக்கினே கீறாங்கோ. நானும் அம்மன் மேல கோச்சிக்கினு கோயில் பக்கமே போவல. அந்த ஆத்தா இன்னா பண்ணுவா, பாவம்" என்றாள். பிறகு, "நாளிக்கு எப்போ கிளம்பணும்? நானும் வரேன். அந்தாளு என் கைய புடிச்சான் இல்ல, எதிர்ல உக்காந்து அவன் மூஞ்சிய பாக்கணும்" என்றாள்.

கூட்டிக்கொண்டு போகிறேன். இப்ப யாரும் அங்க நிக்கக் கூடாது என்று நீ சொன்னதைக் கேட்டது அவரும் நானும் மட்டும்தான். அவர் மறந்துவிட்டாராம். நான் மறக்கவில்லை.